கட்டிலுக்கு அடியில் பதினோரு ஜோடி

ஷார்ஜா

அன்புள்ள ஞானசெல்விக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். நீயும் அம்மாவும் ஏஞ்சல் குட்டியும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் உளறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. போன வாரம் எங்களை வேறு அறைக்கு மாற்றினார்கள். என் கட்டிலை நகர்த்தியதும் அடியில் இருந்த அட்டைப்பெட்டிகள் சரிந்து விழுந்தன. எல்லாம் நம் மகள் ஏஞ்சலுக்கு வாங்கிய ஷூ. பதினோரு ஜோடி. அதில் மூன்றை எப்போது வாங்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

கூட இருக்கும் ஷாஜி சேட்டன் மலையாளத்தில் ‘சூக்கேடு’ என்றார், வியாதியாம். கம்பெனி டாக்டர் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் சொல்லி, கடைப்பக்கமே போகாதே என்றார். அப்பா இருந்திருந்தால் ‘ஊதாரி’ என்று முடித்திருப்பார். நம் ஓடைப்பட்டியில் இதையே ஊருக்குப் பெட்டி கட்டுவது என்கிறோம். ஆனால் நான் இன்னும் டிக்கெட்டே போடவில்லையே. இதில் நான் எது என்று எனக்குப் புரியவில்லை.

“அங்கன என்னத்த வாங்கிக் குமிக்கிறீக?” என்று நீ கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். அது பொய்.

ஓர் உதவி செய். ஏஞ்சலை ஒரு தாளின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. பதினொன்றும் ஒரே அளவு என்று ஷாஜி சேட்டன்தான் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் நான் கிளம்பிய அன்று அவள் போட்டிருந்த அளவு.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. பெரிய தாளாகப் பார்த்து எடு.

ஜாஸ்பர்