"கேமரா ஆன் பண்ணுங்க"

அக்கா,

இன்று லைனில் ஒரு புது லேப்டாப்பின் கேமரா மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பாழாய்ப்போன கேமரா. 'பாஸ்' என்று தட்டிவிட்டு அடுத்ததை இழுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஒரகடம் ஃபேக்டரியில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான். ஷிப்ட் முழுக்க ஊரார் கேமராவையெல்லாம் சோதித்துவிட்டுப் படப்பையில் நாம் தங்கியிருந்த அறைக்கு வந்தால், உன் லேப்டாப் தனக்குக் கேமரா இருப்பதாகவே காட்டாது. செகண்ட்ஹேண்டில் வாங்கி, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தாய். கேமராவைச் செய்தவன் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான்.

"இன்டர்வியூக்கு மட்டும் பழைய விண்டோஸையே போட்டுக்கினு பேசேன்க்கா" என்றேன்.

"லினக்ஸ் வேலைக்குத்தான்ட்டி கூப்பிட்டிருக்காவ. அதையே தூக்கிட்டு எதைக் காட்ட?" என்று உன் திருநெல்வேலித் தமிழில் சிரித்தாய். லைனை விட்டு வெளியேற உனக்கிருந்த ஒரே வழி அந்த வேலை.

வீடியோ இன்டர்வியூவில் கேள்வி கேட்க வந்த ஆள் எடுத்த எடுப்பில், "மேடம், கேமரா ஆன் பண்ணுங்க" என்றான்.

"சார், இந்தக் கேமராவுக்கு லினக்ஸ்ல இன்னும் டிரைவர் வரல. போன்ல வரட்டுமா?"

"லினக்ஸ் சப்போர்ட் வேலைக்கு வர்றீங்க, உங்க கேமராவையே சரி பண்ண முடியலையா?"

அவன் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் பிளந்து கட்டியிருப்பாய். "விடுட்டி" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் வழக்கம்போல ஷிப்டுக்கு வந்தாய்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஊருக்குப் போன நீ திரும்பவேயில்லை. காரியம் முடிந்து உன் துணிமணியை எடுக்க வந்த உன் அம்மா, லேப்டாப்பை "நீயே வச்சுக்க தாயி" என்று என்னிடம் விட்டுப்போனார்.

போன ஞாயிறு அதில் அப்டேட் போட்டேன். கேமரா விளக்கு எரிந்தது. திரை முழுக்க என் மூஞ்சி. எங்கோ யாரோ ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து அந்த டிரைவரை எழுதிப் போட்டிருக்கிறார். நல்ல மனுஷன், அவரைத் திட்ட வாய் வரவில்லை. செய்ய வேண்டியவன் செய்யவில்லையே, அவனை மன்னிக்கத்தான் எனக்கு மனசில்லை.

இன்டர்வியூ அன்று என் நீலச் சேலையைக் கட்டி, தலையைப் படிய வாரி, பவுடர் போட்டு, கண்ணாடியில் நாலு தடவை பொட்டைச் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தாய். அவர்கள் பார்த்தது வெறும் கறுப்புக் கட்டத்தை. நீ எவ்வளவு அழகாக இருந்தாய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், அக்கா.