கேட்காத நாற்பது நாள்

சேசு மரி சூசை துணை

சித்திரபுரம்,
28-8-1976

அன்புள்ள மச்சான் ஏசுதாஸ் அவர்களுக்கு, மிக்கேல்ராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் அக்காவும் கொழிஞ்சாம்பாறையில் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே ஒரு மாதமாக மழை விடவில்லை. ஃபேக்டரியில் ஈரத் தேயிலைக் கொழுந்தை வாட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

நீங்கள் போட்ட கடிதம் வந்தது. எப்போதும் என் பெயருக்கு வரும் கவர் இந்தத் தடவை உங்கள் தங்கை சிசிலி பெயருக்கு வந்திருந்தது. நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் உங்களுக்கு என்ன எழுதினாள் என்பதும் தெரியாது. அதனால் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ரோசி ஈஸ்டர் வாரத்திலிருந்து வீட்டுக்குள் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள், கோவிலில் பாடுகிறாள், எங்கள் வாசலை மிதித்ததும் வாய் மூடிக்கொள்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். பங்குச் சாமியார்தான் மலைக்குக் கீழே, மனசுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். மலையாளி. மருந்து எழுதாமல், ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து வர வேண்டும் என்றார். பேசாதது பிள்ளை, எங்களை எதற்கு? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

முதல் தடவை சிசிலியை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். வராந்தாவில் இருந்த எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் துருவித் துருவிக் கேட்டேன். "அடுத்த தடவ உங்ககிட்டயும் தனியாத்தான் பேசுவாராம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த முறை லாரி டிரைவர் சகாயத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை. நான் ஷிப்டில் இருக்கும்போது அவன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறான். எழுதத் தெரியாதவன், தாயாருக்குக் கடிதம் எழுதி வாங்க வருகிறான், தம்பி மாதிரி என்கிறாள் சிசிலி. டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவள் சொன்னதும் அதே நோட்டில்தானே இருக்கும் என்று என் கண் அங்கேயே கிடந்தது.

மூன்றாம் தடவை எங்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னார். கால் மணி நேரத்தில் சண்டை. ரோசி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். டாக்டர் எழுந்து, "மிக்கேல்ராஜ், இது என்டெ தப்பு. உங்கள இப்ப நேருக்கு நேர் இருத்தினது சரியில்ல. வேற வழி நோக்கலாம்" என்றார். தப்பு என்று ஒத்துக்கொள்ளும் டாக்டரை நான் பார்த்ததில்லை. இதுவும் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் தடவை பிள்ளை கையில் மூன்று தீப்பெட்டிகளைக் கொடுத்து, இந்த மேசைதான் உங்கள் வீடு, யார் யார் எங்கே இருப்பீர்கள், வைத்துக் காட்டு என்றார். அம்மாவை அடுப்பங்கரையில் வைத்தாள். என்னை வாசற்படியில் வைத்தாள். மூன்றாவதை எனக்கு முன்னால் ஒட்டினாற்போல் வைத்தாள். ஏன் மோளே அங்கே என்று கேட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என் காதுபடப் பேசியது அப்போதுதான்.

"அப்பா கேக்கும்போது நான் சொல்லணும்ல."

மச்சான், அது உண்மை. ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளை முன்னால் நிறுத்தி, இன்று யார் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அம்மா சிரித்தாளா என்று கேட்பேன். ஈஸ்டர் வாரம் ஒருநாள் "சகாயம் மாமா வந்துச்சு" என்றாள். அன்றுதான் சிசிலிக்குக் கை ஒடிந்தது. ஈரத்தில் வழுக்கி விழுந்தாள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அவள் விழவில்லை.

நாற்பது நாள் வீட்டுக்குள் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது, என் வேலையைப் பற்றி நான் சொல்லலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். நான் கை ஓங்கினால் தாயும் மகளும் அன்றைக்கே கன்னியர் மடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் என் முன்னாலேயே சொன்னார். நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் இங்கே என்னென்ன நடக்குமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பதினோராம் நாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டு இருந்தன. கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "இன்னைக்கு ரோலர் பெல்ட் அறுந்துபோச்சு, ஒரு மணி நேரம் சும்மா நின்னோம்" என்றேன். மறுநாள் நான் பூட்ஸைக் கழற்றும்போது ரோசி பக்கத்தில் வந்து நின்று, "பெல்ட்டு மாத்தியாச்சாப்பா?" என்றாள்.

மாத்தியாச்சு என்றேன். அந்தச் சந்தோஷத்திலும் பாருங்கள், சிசிலி சொல்லிக்கொடுத்து அனுப்பினாளோ என்று ஒரு எண்ணம் நுழைந்தது. இந்தப் புத்தி என்னை விடவில்லை. விட்டுப்போகும் என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் வரட்டும், அதைப் பிள்ளை தலையில் இறக்காதே என்று மட்டும் சொன்னார். இன்று முப்பதாம் நாள். ரோசி தினம் இரண்டு வார்த்தையாவது பேசுகிறாள்.

ஓணம் லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறோம் என்று சிசிலி நேற்றுச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையின் கம்பளிச் சட்டைகளையெல்லாம் பெட்டிக்குள் அடுக்குகிறாள். உங்கள் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? அதையும் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அங்கே பஸ் மாறிப் பொள்ளாச்சிக்கு வருவார்கள், நீங்கள் வந்து கூட்டிப் போங்கள். தங்கையின் கையைப் பார்த்தால் உங்களுக்கு என்ன கோபம் வந்தாலும் நியாயம்தான். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ரோசியிடம் மட்டும் என்னைப் பற்றி எதுவும் விசாரிக்காதீர்கள். நல்லதோ கெட்டதோ, யாருக்கும் அவள் சாட்சி சொல்ல வேண்டாம்.

திருப்பி அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. உடுமலையிலிருந்து மூணாறுக்குக் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். லீவு முடிகிற அன்று இரண்டுக்கும் ஸ்டாண்டில் நிற்பேன். அதற்கு மறுநாளும் ஃபேக்டரியில் லீவு சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டையும், அங்கே வந்து சேருகிறவர்களையும் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
மிக்கேல்ராஜ்