கூழ் வரிசையில் ரெண்டாம் வாட்டி

ஜூலை 18, 2025, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். திருமுல்லைவாயில் முழுக்க வேப்பிலையும் ஒலிபெருக்கியும்தான். ஜன்னலைச் சாத்தினாலும் ஆத்தா உள்ளே வந்துவிடுகிறாள்.

'பருவம்' கேம் போட்டிக்கு இன்று தலைப்பு அறிவித்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு போட்டி வைப்பார்கள். எல்லாமே இணையத்தில்தான். இந்த முறை தலைப்பு ஆடி. அடுத்த ஞாயிறுக்குள் சின்னதாக ஒரு கேம் செய்து போட வேண்டும். அதன்பிறகு ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்த்து ஸ்டார் போடலாம், கருத்து எழுதலாம். மொத்த ஸ்டாரைக் கூட்டித்தான் இடம். சேர்ந்துவிட்டேன்.

ஆறு வருஷமாக அம்பத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நானாக ஒன்றைச் செய்து, இந்தா, ஓட்டை கண்டுபிடி என்று யாரிடமும் நீட்டியதில்லை. நீட்டினாலும் யார் உள்ளதைச் சொல்லப்போகிறார்கள்? இளங்கோவிடம் சொன்னேன். லிஃப்ட் சர்வீஸ் முடித்து வந்த களைப்பில் சட்டையைக் கழற்றிக்கொண்டே "சூப்பர்" என்றான். புளிக்குழம்புக்கும் சூப்பர், புதுச் செருப்புக்கும் சூப்பர். கல்யாணமாகி நாலு வருஷம், அவன் வாயிலிருந்து வேறு மதிப்பெண் வந்ததில்லை. எல்லோருக்கும் நூறு போடுகிற வாத்தியார் விடைத்தாளைத் திறந்தே பார்ப்பதில்லை என்றுதானே அர்த்தம்?

எனக்குப் பரிசு வேண்டாம். ஒரே ஒரு ஆள் நிஜத்தைச் சொன்னால் போதும்.

விதிகளைப் படித்தேன். ஓட்டுப் போடப் பெயர் மட்டும் கொடுத்தால் போதுமாம். கள்ள ஓட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்! போட்டியை நடத்தும் பிரசன்னாவுக்கு உடனே மெயில் போட்டேன். ஒரே இணைப்பிலிருந்து நிறைய ஓட்டு வந்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு சோதனை வையுங்கள் என்று எழுதினேன்.

ஜூலை 19, சனி

பிரசன்னா பதில் போட்டிருக்கிறார்: "நல்ல யோசனைங்க. வெச்சுடறேன்." இனி யாரும் ஏமாற்ற முடியாது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. கோவில்பதாகையில் மாமியார் வீடு, அங்கே கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அத்தை காலையிலிருந்தே அண்டா பக்கம். அவர் எதிரில் இளங்கோவை வாங்க போங்க என்று கூப்பிட வேண்டும். அது எனக்கு வராது என்பதால் வாயை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததால்தான் கண்ணில் பட்டது. பச்சைப் புடவை, ஐம்பது வயது இருக்கும். தூக்குவாளியில் கூழ் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அதே புடவை, அதே கொண்டை, இப்போது கையில் சொம்பு. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்தாள். வெயிலுக்காம்! ஊற்றுகிறவர் பாட்டுக்கு ஊற்றினார். யாரும் கண்டுகொள்ளவில்லை, என்னைத் தவிர.

கேம் கிடைத்துவிட்டது. பெயர் 'ரெண்டாம் வாட்டி'. நீங்கள் கரண்டியோடு அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். வரிசை வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர் பாத்திரத்தை மாற்றி, முந்தானையை இழுத்துவிட்டு, மீசை ஒட்டிக்கொண்டு மறுபடி வருவார். கண்டுபிடித்து அண்டாவைக் கரண்டியால் தட்டினால் ஓடிவிடுவார். ஏமாந்தால் கூழ் தீர்ந்துவிடும், ஆட்டமும் முடிந்துவிடும்.

முதல் முகமாகப் பச்சைப் புடவையை வரையப்போகிறேன். ஞாபகத்தில் அப்படியே இருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி ரோஷினி எட்டிப் பார்த்து, "இன்னாடி அது, அண்டாவா?" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டேன். மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள், கூழ் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். அவளும் போட்டியில் இல்லை என்று என்ன நிச்சயம்?

ஜூலை 25, வெள்ளி

இளங்கோவை ஆடவைத்தேன். பச்சைப் புடவை சொம்போடு திரும்பி வந்ததும் சிரித்தான். தட்டவில்லை. "தட்டு, தட்டு" என்கிறேன், ஊற்றுகிறான். வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றித் தோற்றுப்போனான். அப்புறம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சூப்பர்."

எதை முழுங்கினான்? சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன். அதே சூப்பர்தான்.

ஜூலை 27, ஞாயிறு

போட்டாயிற்று. ஆபீஸ் குழுவிலும் லிங்க் அனுப்பினேன். அரை மணிக்கொரு தரம் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஓட்டு வர ஆரம்பித்துவிட்டது. நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார். 'அருமை', 'வாழ்த்துகள்', ஒரு கைதட்டும் பொம்மை. எல்லாம் மொய்க்கவரில் எழுதுகிற வாழ்த்து மாதிரி. பிறகு இது. பெயர் 'பக்கத்து ஊட்டுக்காரன்', இரண்டு ஸ்டார்.

"படம்லாம் ஷோக்கா கீது. ஆனா கூழு ஊத்துற எடத்துல ரெண்டாவது வாட்டி வந்தவங்களத் தொரத்தி நான் பாத்ததில்ல. வந்தா ஊத்துவாங்க. மூஞ்சியப் பாத்து ஊத்துனா அது கூழு இல்ல, ரேஷன் கடை."

நிஜம் வேண்டும் என்று எழுதியவள் நான்தான். அதுக்காக இப்படியா? ரேஷன் கடையாம்! பேர் போட தைரியம் இல்லாதவனுக்குப் பேச்சைப் பாரு. யாருடா நீ? 'கீது' என்று எழுதுகிற ஆள். அண்டாவை முன்னாலேயே பார்த்துவிட்ட ஆள். எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான்.

ஜூலை 30, புதன்

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ரோஷினி டிபன் பாக்ஸைத் திறந்தபடி அப்படியே என்னைப் பார்த்தாள். "எம் பேர்லயேதான் அஞ்சு போட்டேன். போய்ப் பாரு. மறைஞ்சு நின்னு எழுதறதெல்லாம் எனக்கு வராதுடி." பார்த்தேன். இருந்தது. முதல் நாளே, முதல் ஓட்டாகவே போட்டிருக்கிறாள். நான் நிமிர்வதற்குள் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

சாயந்திரம் ரயிலிலும் வேறு பெட்டி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்னும் பேசவில்லை. அப்படியென்றால் அது யார்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோவில்பதாகைக்கு இளங்கோ மட்டும் போனான். தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலியெல்லாம் இல்லை, அந்த வரிசையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாயந்திரம் ஒரு சொம்பு கூழோடு வந்தான். ஃபோன் செத்துக் கிடந்தது, அவன் முகம் மட்டும் முழு சார்ஜில் இருந்தது.

கேமைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் இடம்! கத்தியே விட்டேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் டெஸ்டர் புத்தி எட்டிப் பார்த்தது. புதுசாக இத்தனை ஓட்டும் ஏன் இன்று மத்தியானமே வந்தது? குமாரி, டில்லி, தனம், மறுபடி குமாரி. யார் இவர்கள்? "ரெண்டாவது வந்துட்டியா? சூப்பர்!" என்றான் இளங்கோ. நான் இன்னும் எத்தனையாவது என்று சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிரசன்னாவின் மெயில்: "நீங்க வைக்கச் சொன்ன சோதனைல முதல்ல மாட்டினது உங்க கேம்தாங்க. ஞாயிறு மதியம் முப்பது ஓட்டுக்கு மேல ஒரே இணைப்புலேருந்து வந்திருக்கு. நாளைக்குள்ள விளக்கம் கொடுங்க. இல்லைன்னா போட்டியிலேருந்து எடுக்க வேண்டியிருக்கும்."

சொந்தச் செலவில் சூனியம். நான் வைத்த பொறி, நான் தீட்டிய பல்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டேன். "நேத்து கோயில்ல என்ன பண்ணே?"

"இன்னா பண்ணுவாங்க? சாமி கும்பிட்டேன்."

"ஃபோன் ஏன் செத்துச்சு?"

காதைச் சொறிந்தான். பிறகு சொன்னான். "கூழு வர லேட்டாச்சு. எல்லாரும் சும்மா குந்திகினு இருந்தாங்க. பாதிப் பேருக்கு அங்க நெட்டே எடுக்கல. என் ஃபோன்லேர்ந்து நெட்டு குடுத்து, எம் பொண்டாட்டி பண்ணது, ஆடிப் பாருங்கன்னேன். அவ்ளோதான்."

"பாவம், இவளுக்கு எவனும் ஓட்டுப் போடமாட்டான்னு ஊரெல்லாம் பிச்சையெடுத்தியா? எல்லாரையும் அஞ்சு போடச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்? நானே ரெண்டுதான போட்டேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே உறைத்தது.

பக்கத்து ஊட்டுக்காரன்! "நாலு வருஷமா இதே வீட்டுல இருக்கியே, மூஞ்சிக்கு நேரா சொல்ல உனக்கு வாயில்லையா?"

"கல்யாணமான புதுசுல சாம்பார்ல உப்பு கம்மின்னு ஒரு வாட்டி சொன்னேன். யார் சாம்பாரோட ஒப்பிட்டே, உங்கம்மா சாம்பாரோடவான்னு ரெண்டு நாளு கேட்டுகினே இருந்தே. அதுக்கு அப்பால எனக்கு எல்லாமே சூப்பர்தான்."

ரெண்டு நாள் இல்லை. மூன்று நாள் கேட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வந்த கருத்துகளை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். ரேங்க்கைத்தான் பார்த்திருந்தேன், அவர்கள் எழுதியதைப் பார்க்கவே இல்லை. குமாரி இரண்டு பேர்தான். ஒருத்தி நாலு ஸ்டார், இன்னொருத்திக்குக் கரண்டி பிடித்திருக்கிற விதமே பிடிக்கவில்லை, ஒரு ஸ்டார். டில்லி என்பவருக்கு மீசை ஒட்டினவரைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லையாம். கள்ள ஓட்டுப் போடுகிறவன் ஒரு ஸ்டார் போடுவானா?

பிறகு இது. நாகம்மா, நாலு ஸ்டார்.

"அந்த பச்சப் பொடவ நான்தானம்மா? என் மூக்கு அவ்ளோ பெருசு இல்ல. ரெண்டாவது சொம்பு எங்க ஊட்டுக்காரருக்கு. காலு எடுத்ததுலேர்ந்து அவரால வர முடியாது. மத்தபடி கேமு நல்லாக்கீது."

உடம்பெல்லாம் கூசியது. அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு பேரும் அவளை அண்டா தட்டி விரட்டியிருக்கிறார்கள். அவளும் ஆடியிருக்கிறாள். தன் முறை வந்தபோது என்ன செய்தாள்? தட்டினாளா, ஊற்றினாளா?

பிரசன்னாவுக்கு எழுதினேன். எல்லாரும் நிஜ ஆட்கள், கோயிலில் கூழுக்குக் காத்திருந்தவர்கள், என் கணவர் ஃபோன் கொடுத்த நெட்டில் ஆடியவர்கள். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சோதனையை வைக்கச் சொன்னதும் நானே. ஓட்டுகளை நீக்கிவிடுங்கள், கருத்துகளை மட்டும் விட்டுவையுங்கள்.

"படிச்சாலே நிஜ ஆளுங்கன்னு தெரியுதுங்க. ஆனா உங்களுக்குன்னு விதியை மாத்த முடியாது. ஓட்டை மட்டும் எடுத்துடறேன்" என்று பதில் வந்தது. அதுவும் சரிதான். இப்போது என் பெயரைக் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். அழுதேன். ரேங்க்குக்காக இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போட்டி முடிந்துவிட்டது. இருந்தும் கேமைப் பிரித்து மறுபடி செய்தேன். தட்டுவதை எடுத்துவிட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் ஊற்ற வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வாட்டி வருவார்கள் என்று தெரியாது. அண்டாவில் அடி தெரிய ஆரம்பித்தால் வரிசையில் யாரிடமாவது கேட்க வேண்டும். யார் வீட்டிலிருந்தாவது கேழ்வரகு மாவு வரும். நாகம்மா மூக்கைச் சின்னதாக்கிவிட்டேன். கேமின் பெயர் அதேதான்.

இளங்கோவிடம் நீட்டினேன். ஆடி முடித்தான். "சூ..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மூணரை."

"மிச்சம் ஒண்ணரை எங்க போச்சு?"

"வெங்காயம் எங்க? மாங்கா எங்க? வெறுங்கூழ எப்படிக் குடிப்பாங்க?"

யார் கூழோடு ஒப்பிட்டே என்று நாக்கின் நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். மூணரை! கல்யாணப் புடவைக்குக்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடிக் கடைசி ஞாயிறு. கோவில்பதாகை. வரிசையில் எனக்கு முன்னால் நாகம்மா, இன்று நீலப் புடவை. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "எதுக்கு?" என்றார். ஃபோனைக் காட்டினேன். திரையில் இரண்டு விரலால் மூக்கை விரித்துப் பார்த்தார். "ம், இப்ப சரி" என்றார். அவர் முறை வந்துவிட்டது, போய்விட்டார்.

கூழை வாங்கி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். பிறகு அத்தை வீட்டிலிருந்து ஒரு தூக்கை எடுத்து வந்து மறுபடி வரிசையில் நின்றேன். ரோஷினிக்கு. நாளைக்கு ஆபீஸுக்கு எடுத்துப்போய் அவள் மேஜையில் வைக்க வேண்டும். அவள் தொடுவாளா, திருப்பி நகர்த்துவாளா, தெரியவில்லை.

அண்டா நெருங்க நெருங்கத் தூக்கைக் கை மாற்றிக்கொண்டே இருந்தேன். துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்தேன். சத்தியமாக வெயிலுக்குத்தான். கேட்டால் சொல்ல பதில் தயாராக இருந்தது: இது எனக்கில்லைங்க, ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கு.

ஊற்றுகிறவர் என் முகத்தையே பார்க்கவில்லை. தூக்கைத்தான் பார்த்தார்.

"இன்னும் ஒரு கரண்டி தாங்கும் போலக்கீதே, ஊத்தட்டா?"

கிண்டலோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. தூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.