‘வைகை’ கப்பல் நினைவகத்தின் ஒலிநாடாவை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
மெர்சி மரியப்பன்,
பள்ளி ஆசிரியை,
மாதா கோயில் தெரு,
மானகிரி, காரைக்குடி வழி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: காரைக்குடி – ‘வைகை’ போர்க்கப்பல் நினைவு அருங்காட்சியகம் – கப்பல் மூழ்கும் காட்சிக்கான ஒலிநாடா – நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1971-ஆம் ஆண்டுப் போரின்போது கடலில் மூழ்கிய ‘வைகை’ கப்பலின் இயந்திர அறையில் பணியாற்றிய மரியப்பனின் மனைவி நான். அவர் உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரார் மெழுகுவத்தியோடு புறப்படும்போது எனக்குப் போக இடம் இருந்ததில்லை. சென்ற ஆண்டு இந்த நினைவகம் திறக்கப்பட்டுக் கருங்கல்லில் அவர் பெயரைக் கண்டபோது மனதார நன்றி சொன்னேன். அந்த நன்றி இன்றும் உண்டு.

2. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் மாதிரி உள்ளது. அதன் கீழுள்ள பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து, வெடிச்சத்தமும் ஆண்கள் அலறி அழும் ஓசையும் ஒலிபெருக்கியில் வருகின்றன. நாடக நடிகர்களைக் கொண்டு பதிவு செய்தது என்று அறிகிறேன். பிள்ளைகள் பொத்தானை மாறி மாறி அழுத்திச் சிரிக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களை நான் கண்டிக்கவில்லை. பொத்தான் இருந்தால் பிள்ளைகள் அழுத்தத்தான் செய்வார்கள்.

3. அந்தக் கப்பலிலிருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர் தேவகோட்டை தங்கச்சாமி. பிற்பாடு வங்கியில் எழுத்தராக இருந்தார். என் கணவரை அண்ணன் என்றே அழைப்பார். கப்பல் மூழ்கியதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. சென்ற டிசம்பரில், பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் அழைத்ததால் உடன் வந்தார்.

4. அவர் கல்வெட்டில் கை வைத்து ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டிருந்தபோது யாரோ பொத்தானை அழுத்தினார்கள். தங்கச்சாமி காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே அழைத்து வந்து வாசற்படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்தபின் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: “அங்க யாரும் இப்படிக் கத்தல மதினி. இருட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. அண்ணன் ஏணிக்குக் கீழ நின்னு எங்கள எல்லாம் மேல தள்ளி விட்டாக. கடைசியா ஏறுனவன் நான்தான்.”

5. இத்தனை ஆண்டுகளில் என் கணவரின் முடிவைப் பற்றி நான் கேட்ட செய்தி இது ஒன்றே. மீதியைக் கிறிஸ்துமஸ் கழித்து வீட்டுக்கு வந்து சொல்வதாகச் சொன்னார். வரவில்லை. பாத்திரம் விழுந்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறார் என்று அவர் மனைவி லட்சுமி சொல்லி அனுப்பினார். மாசி மாதம் தங்கச்சாமி மாரடைப்பில் இறந்துபோனார். அந்த ஒலிதான் காரணம் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவரை அழைத்துப் போகாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

6. அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் நேரில் முறையிட்டேன். நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். “சத்தம் இல்லேன்னா யாரும்மா நின்னு பாப்பாக?” என்றார். வேண்டுமானால் ஒலியைக் குறைத்து வைப்பதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் குறைத்து வைத்தாலும் அது நடக்காத ஒன்றுதானே, ஐயா.

7. ஆகவே அந்த ஒலிநாடாவை அகற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதற்குப் பதிலாக எதுவும் வைக்க வேண்டியதில்லை. கப்பலும் கல்வெட்டும் போதும்.

8. இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். கப்பல் மூழ்கியபோது என் மகள் ஷீலா வயிற்றில் இருந்தாள். இப்போது திருச்சியில் இருக்கிறாள். அப்பாவின் பெயரைப் பார்க்க வர வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அவள் தன் தந்தையின் குரலைக் கேட்டதே இல்லை. அந்த அலறலில் ஒன்றை அவர் குரல் என்று அவள் மனதில் வைத்துக்கொண்டுவிடக் கூடாது.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மெர்சி மரியப்பன்

இடம்: மானகிரி
நாள்: 12.10.1998