பாறைக்கு எண்ணத் தெரியுமா?

நிலைய நாள் 212 – காலை

செவ்வாய்ச் சுரங்க நிலையம். எழுதுபவள் உளமருத்துவர் நப்பின்னை. மேல்தள அழுத்தம் சீர். சுரங்கச் சரிவில் உயிர் பிழைத்த துளைப்பாளர் இசக்கிராசன் எக்கி (பம்ப்) அறைக்குள் தாழிட்டுக்கொண்டார். அங்குள்ள உயிர்வளி நாளை மாலை வரைதான். அறைக்கு இரு கதவுகள். ஒன்று என் நடைவழிக்கு. மற்றது, சரிவு நேர்ந்த நாளில் தலைமையகக் கட்டளைப்படி அவரே அடைத்த தடுப்புக் கதவு. அதற்கு அப்பால் இப்போது காற்றில்லை. இரண்டும் உள்ளிருந்தே திறக்கும்.

நாள் 212 – நண்பகல்

கதவை அடைத்த பின் தட்டும் ஒலி கேட்டதாம். அப்பால் இருந்தவர் அவர் மைத்துனர் சுடலைமுத்து. உயிரோடு சிக்கியவர் மும்மூன்றாகத் தட்டுவது சுரங்க வழக்கம். குளிரும் பாறையின் ஒலி அது என்கிறது தலைமையகம்.

ஒலிபெருக்கியில் இசக்கிராசன்: "பாறைக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமோ டாக்டரம்மா? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

நாள் 212 – மாலை

புவியிலிருந்து உளப்பகுப்பாய்வுக் குழுவின் செய்திகள்.

முதலாமவர்: "வெளியதிர்ச்சி மனத்தின் காப்பை உடைத்துவிட்டது. உறக்கமருந்து கொடுங்கள்." தாழிட்ட கதவின் வழியாகவா?

இரண்டாமவர்: "உளக்காயம் பிள்ளைப்பருவத்தது. தந்தையைப் பற்றிக் கேளுங்கள்." கேட்டேன்.

"எங்கப்பா கொத்தனாரு. செத்து வருசமாச்சு. அவரா வந்து தட்டுனாரு?"

மூன்றாமவர்: "நிகழ்ந்தபோது அது காயமன்று, பொருள் விளங்கும்போதே காயமாகும். விரையாதீர்." விரையாமலிருக்க உயிர்வளி எங்கே?

என்னே கொடுமை! காயம் எதுவென்று உரைக்க மூன்று கொள்கைகள். காயம்பட்டவன் வினாவுக்கு ஒரு விடை இல்லை! நான் சொல்கிறேன்: அவரை வதைப்பது அந்தச் சரிவு அல்ல. கேட்டதைக் கேட்கவில்லை என்று சாதிக்கும் இந்த மறுப்பே!

நாள் 213 – காலை

தலைமையகத் தடையை மீறி, சரிவு நேர்ந்த இரவின் அதிர்வுப் பதிவைத் திறந்தேன். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. இரவு முழுவதும்.

உண்மை காயத்தை ஆற்றும். சொல்லப் போகிறேன்.

நாள் 213 – நண்பகல்

சொன்னேன்: "நீங்கள் கேட்டது உண்மை. தட்டியவர் சுடலைமுத்து."

அவர் சிரித்தார்.

"அம்மா, நீங்க பாறைதாம்னு சண்ட போடுவீங்கன்னுல்லா நெனச்சேன். அவன்தானா? அப்போ கதவ அடைச்சது நான்லா?"

பணிந்தேன். மன்றாடினேன். என் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொன்னேன்.

"இருங்க. மச்சான்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

தாழ் விலகும் ஓசை. நடைவழிக்கு ஓடினேன். என் கதவு அசையவில்லை.

எக்கி அறை அழுத்தம் பாதி.

கால் பங்கு.

இசக்கிராசன், நான்…