விதைக் குடுக்கையில் வைத்த உன் பொடி

அக்கா,

என் விரல்களில் புகை வாசம் அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் பொடியைத் தொட்ட கையில் மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு நெடி அல்லவா அடிக்க வேண்டும்? அது இல்லை. அதனால்தான் தூக்கம் வராமல், விளக்குக்கு முன்னால் முறத்தை நிறுத்தி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா படுத்திருக்கிறார்.

காலையில் முதல் பஸ்ஸில் நிர்மலா அக்கா வருகிறார், உன்னோடு லேபில் வேலை பார்த்தவர். அந்தப் பொடியை வாங்கிப் போகத்தான் வருகிறார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் துணியெல்லாம் அந்த நெடிதான். "ஏன்டி, காலேஜுல படிக்கிறியா, கருவாட்டுக் கடை வெச்சிருக்கியா?" என்று அம்மா கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே பையிலிருந்து பாட்டிலை எடுத்தாய்.

"இது சிலிக்கா. மணலுக்குச் சொந்தக்காரன்னு வெச்சுக்கோங்க. ஆனா உள்ளார தேனடையாட்டம் பூராவும் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள அமீன்னு ஒரு ரசாயனம் பூசியிருக்கறேன். அதுதான் நாறுது. ஆலைப் புகையில இருக்கற கரியமில வாயுவ அது புடிச்சு வெச்சுக்கும்."

நான் நம்பவில்லை. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்தாய். பப்பாளி இலைக்காம்பைக் கொடுத்து ஊதச் சொன்னாய். தண்ணீர் பால் போலக் கலங்கியது. பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் பொடியை அடைத்து, இன்னொரு தம்ளரில் அதன் வழியாக மெல்ல ஊதச் சொன்னாய். அந்தத் தண்ணீர் தெளிவாகவே நின்றது. மிளகுக்கொடி கட்டக் கிளம்பிய அப்பாகூட நின்று பார்த்தார்.

"அப்ப எம்புள்ள மூச்ச உள்ளார புடிச்சு வெச்சிருச்சா?"

"ஆமாங்கப்பா. சூடு காட்டுனா திரும்பக் குடுத்துரும். அப்புறம் மறுக்காவும் புடிக்கும்."

"வாங்குனதத் திருப்பிக் குடுக்குதா? உங்க சித்தப்பன் மேல கொஞ்சம் பூசி உடு சாமி" என்றார். அன்றைக்கு எல்லோரும் எப்படிச் சிரித்தோம்!

காலேஜுக்குத் திரும்பும்போது அந்தப் பாட்டிலை என்னிடம் கொடுத்தாய். லேபில் இருப்பது தீர்ந்துபோனால் இது இருக்கட்டும் என்றாய். "மூடிய இறுக்கி வை கண்ணு. காத்துப் பட்டாலே கொஞ்சம் கொஞ்சமா நெறஞ்சுரும். மஞ்சளாச்சுன்னா அமீன் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

மாசியில் உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காமாலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். உன் விடுதியில் இன்னும் சிலருக்கும் அது வந்திருந்தது. ஆனால் அம்மா, "அந்த மாவுதான் எம்புள்ளயத் தின்னுருச்சு" என்று அழுதாள். அப்படியில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா பாட்டிலை என் கையில் கொடுத்து, "ஓடையில கொட்டீட்டு வா" என்றார். ஓடைக்கரை வரை போனேன். கொட்ட முடியவில்லை. பொடியை ஒரு பாலித்தீன் பையில் மாற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பாட்டிலை மட்டும் கழுவி எடுத்துவந்து அவரிடம் காட்டினேன்.

"கொட்டீட்டியா?"

"கொட்டீட்டனுங்கப்பா."

பிறகு எங்கே வைப்பது? நம் வீட்டில் கெடக் கூடாத பொருளை வைக்க ஒரே இடம்தானே உண்டு. அடுப்புக்கு மேலே பரணில், விதைக் குடுக்கைகளுக்கு நடுவே, ஒரு காலிச் சுரைக்குடுக்கையில் கொட்டினேன். விதைக்குச் செய்வது போலவே வாயில் துணி கட்டினேன். விதை மூச்சு விட வேண்டும், புகை பட்டால் பூச்சி அண்டாது என்று பழகிய கை தானாகச் செய்தது. புகையைப் பிடிக்கிற பொருளைக் கொண்டுபோய் வேளை தவறாமல் புகையில் உட்கார வைத்தேன், அக்கா.

போன வாரம் வாசலூர்பட்டிக் கடைக்கு நிர்மலா அக்கா போன் செய்தார். லேபில் இருந்தது தீர்ந்துவிட்டதாம். என்னிடம் ஒரு பாட்டில் கொடுத்திருப்பதாக நீ சொல்லியிருந்தாயாம். ஒரே ஒரு சோதனை பாக்கியாம். அது முடிந்தால்தான் உன் வேலை உன் பெயரில் அச்சாகும். வேறு யாராவது புதிதாகச் செய்தால் அது உன் பொடி ஆகாது.

"மூடி டைட்டா இருக்குதில்ல கண்ணு?"

"இருக்குதுங்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றே இறக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்காதவரை அது வெள்ளையாகவே இருக்கும் என்பது போல விட்டுவிட்டேன்.

மழை விழுந்துவிட்டதால் இன்று சாயங்காலம் சாமை விதை எடுக்க அம்மா பரணில் கைவிட்டாள். எடுத்தது உன் குடுக்கை. முறத்தில் கவிழ்த்ததும் மஞ்சள் பாரித்த மாவு விழுந்தது. கத்துவாள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"அவளோட மீன் நாத்தத்தையே காணமே கண்ணு. வெறும் பொகதான் வருது."

அவள் என்னை அடித்திருக்கலாம்.

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

ஒரு துகளும் சிந்தாமல் அள்ளி என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பானையில் குச்சிக்கிழங்கு மாவு இருக்கிறது. உன் பொடி முதலில் இருந்த அதே வெள்ளை. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு கை எடுத்துப் பையில் கட்டியும்விட்டேன். லேபில் சூடு காட்டியதும் அது கருகும். கருகிய மாவின்மேல் உன் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். அதை நினைத்ததும் பிரித்துத் திரும்பப் பானையில் கொட்டினேன்.

சூடு காட்டினால் உன் பொடி புகையை விட்டுவிடுமா, உள்ளே நல்ல அமீன் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன் காமாலையை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் உன் கை செய்ததில் மிஞ்சியதைக் கெடுத்தது என் கை. எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும் இதைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

பஸ் வரும் நேரம் அப்பா வாசலில்தான் நிற்பார். நிர்மலா அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. முதலில் அப்பாவிடம், "நான் கொட்டலீங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அடுத்து நிர்மலா அக்காவிடம், "அது பொகையில இருந்துச்சுங்க்கா" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது வந்துவிடுகிறது. முதலாவதுதான் இன்னும் "நான்" என்பதைத் தாண்டவில்லை.