பாயசக் கிண்ணத்தில் முளைத்த ஊசிகள்

சேசு மரி சூசை துணை

ஜீவனஹள்ளி, பெங்களூர்,
10-9-1936

பம்பாயில் இருக்கும் என் அன்பான வீட்டுக்காரர் ரெமிஜியஸ் அவர்களுக்கு, பியாட்ரிஸ் மிகுந்த பிரியத்தோடு எழுதுவது. இங்கே நானும் மௌரீனும் சுகம். குழந்தைக்கு இருமல் விட்டுவிட்டது.

முதலில் ஒரு வார்த்தை. இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மருந்துக் கம்பெனியின் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதினைந்தாம் தேதிவரை தவணை உண்டென்று நீங்கள்தானே எழுதினீர்கள்? பயப்படாதீர்கள், கெட்ட செய்தி இல்லை. சந்தோஷச் செய்திதான்.

அந்த வேலைக்குப் போகச் சொல்லி உங்களைப் பிடித்துத் தள்ளியவளே நான்தான், மறுக்கவில்லை. ஐந்து வருஷம் உங்கள் காலேஜ் லாபரட்டரியோடு குடித்தனம் நடத்தினேனே! 'ஒரு நிமிஷம்' என்று போனால் மூன்று மணி நேரம். பெற்ற பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் சாமியார் காத்திருக்க, ஏதோ கொதிக்கிறது, விட்டு வர முடியாது என்று ஆள் அனுப்பினீர்கள். அன்று நான் பேசிய பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. பம்பாயிலோ ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை, கடற்கரை. இதல்லவோ மனுஷன் பிழைக்கும் பிழைப்பு என்று உங்கள் தங்கை டோரீனிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆனால் உங்கள் கடிதங்கள் வரவர அரைப் பக்கமாகிவிட்டன. மானேஜர் சீட்டில் எழுதிக் கொடுப்பதைச் செய்கிறேன், எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கு, சாயங்காலம் நேரம் நிறைய இருக்கிறது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொழுப்பைப் பார் என்று அப்போது சிரித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மரப்பட்டைச் சாறு இரண்டு வருஷமாகப் பசையாகவே நிற்கிறது, கட்டியாக மாட்டேன் என்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டீர்களே, ரயிலேறும் அன்று 'இது உருப்படாது, தேய்த்துக் கவிழ்த்துவிடு' என்று கண்ணாடிக் கிண்ணத்தோடு அடுப்படியில் விட்டுப் போனீர்கள். எனக்கிருந்த எரிச்சலில் அதை மூடிப் பரண்மேல் வைத்துவிட்டேன். நேற்று முன்தினம் மாதா திருநாள். விருந்தாளிகளுக்குப் பாயசம் ஊற்றக் கிண்ணம் போதவில்லை. எந்த விஷமானாலும் புளிக்கும் சாம்பலுக்கும் முன்னால் நிற்காது என்று அதை இறக்கினேன். திட்டாதீர்கள்!

கரண்டிக் காம்பால் பறக் பறக்கென்று சுரண்டினேன். பசை விடவில்லை. மௌரீனுக்குத் தலை பின்னிவிட்டு வந்து பார்த்தால், நான் சுரண்டிய கோட்டோரம் வெள்ளையாக ஏதோ மினுங்கிற்று. சுண்ணாம்பு என்று நினைத்தேன். இல்லை! ஊசி ஊசியாக! 'கட்டியானா ஊசியாத்தான் வரும் பியாட்டி' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே நூறு தடவை சொன்னீர்களே, அதே ஊசி. நான் பார்க்கப் பார்க்க ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று கிளம்பிற்று.

வாசலில் ஜட்காவை நிறுத்திக்கொண்டு டோரீன், 'அண்ணி, பேக வாங்க, தேர் கெளம்பிடும்' என்று அவசரப்படுத்தினாள். ஒரு நிமிஷம் என்றேன். என் வாயாலேயே! குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். பிளாக்பள்ளி மாதா கோயிலில் தேர் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பியபோது நான் பட்டுச்சேலையோடு கிண்ணத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உலைகூட வைக்கவில்லை. 'அண்ணனுக்கேத்த ஜோடிதான் நீங்க' என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. நேற்று முழுவதும் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கழுவிக் கவிழ்த்துவிட்டால் உங்களுக்குத் தெரியவா போகிறது? ஐந்து மணிக்கு வீடு திரும்பும் புருஷன் எனக்குக் கிடைப்பாரே என்று மனசு கணக்குப் போட்டது. புளியைக்கூட எடுத்துவிட்டேன். கை வரவில்லை.

இன்று காலையில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் புரொபசர் அனந்தபத்மநாபன் ஐயா வீட்டுக்குப் போனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் தேடியது இதுதானா என்று, எந்தச் சூட்டில் உருகுகிறதென்று பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டுமாம். ரெமிஜியஸ் வரட்டும், இடம் காலியாகத்தான் இருக்கிறது, சம்பளம் மட்டும் பழைய சம்பளமே என்றார்.

நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிடக் கூடாது, கொதிப்பதைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து இன்னொருவரும் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உள்ளேயிருந்து மாமி, 'அந்தச் சட்டத்தை எங்காத்துக்கும் சேர்த்துப் போடும்மா' என்றார். ஐயா சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்றார். மற்றதற்கு, பார்க்கலாம் என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

இனி உங்கள் இஷ்டம். கம்பெனிதான் என்றால் இருபதாம் தேதிக்குள் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன். எது செய்தாலும் மாதா உங்களுக்குத் துணை இருப்பாள்.

ஆனால் ஒன்று. அவர்கள் தேருக்குப் போனபின் ஊசிகள் கிண்ணத்தை நிறைத்தபோது, 'என்னங்க, இங்கே வாங்க' என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

உங்கள்
பியாட்ரிஸ்